கொங்கிறீற்றுத் தரையில் ஒரு துளை



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது. அரை அங்குல அகலமும் மூன்றங்குல ஆழமும் உடைய ஒரு துளையே அது. கராஜ் ஒன்றின் கொங்கிறீற்றுத் தரையிலே யந்திரமொன்றை நிலையாகப் பூட்டுவதற்காக நங்கூர ஆணி இறக்குகின்ற துளையைச் சொல்கின்றேன். அந்தத் துளையை எந்தக் கருவியால் இடுவது என்பதே கேள்வி. கலைப்பட்டதாரியும் பாடசாலை அதிபருமாகிய ஒருவனுக்கு இதிலே என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். 2013ஆம் ஆண்டிலே உயர்தர வகுப்பில் தொழினுட்பவியல் என்னும் துறை சேர்க்கப்பட்ட பின்னர், இலக்கியமும் வரலாறும் படித்து வந்த என் போன்றோரும் உளி, ஆப்பு, துரப்பணம் ஆகியவற்றைப் பற்றி மாணவரோடு உரையாட வேண்டியவராயினோம். அன்றியும், நான் வாழுகின்ற பகுதியிலே இந்தச் சிறு துளை ஒரு குடும்பத்தின் முழு முதலையும், சில வேளைகளில் ஒரு மனிதனின் உயிரையுமே தாங்கி நிற்கின்றது.

எனது ஊர் பனிச்சங்கேணி. மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் வீதியிலே, வாகரைப் பிரதேசத்தில், ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாக அமைந்த கிராமம். கடலிலே தொழில் செய்வோரின் படகுகளில் இன்று பாய்கள் இல்லை. பின்னணியத்திலே மாட்டப்பெற்ற யந்திரங்கள் ஓடுகின்றன. வயலிலே எருமைக்கடாக்கள் இல்லை. ‘லாண்ட் மாஸ்டர்’ என்று நாம் அழைக்கும் இருசில்லு உழவு யந்திரம் ஓடுகின்றது. மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் இல்லாத ஒழுங்கை இல்லை. இவை யாவும் பழுதுபடும் அல்லவா? ஆகவே வீதியோரத்திலே தகரக் கூரையின் கீழ்ச் சீமெந்துத் தரையிட்டு இளைஞர்கள் கராஜ் தொடங்குகின்றனர். தாயின் நகையை அடைவு வைத்தும், சங்கத்திலே கடன் பெற்றும் தொடங்குகின்றனர். காற்றமுக்கி, அரவை யந்திரம், மேசையிலே பூட்டும் வைஸ், தூணில் நிற்கும் துளை யந்திரம் என ஒவ்வொன்றாக வாங்குகின்றனர். இவற்றுக்கு இலட்சக்கணக்கிலே செலவிடும் அவர்கள், இவற்றைத் தரையோடு பிணைக்கும் வேலையை மட்டும் கடைசி நாள் மாலையிலே, கைக்கு அகப்பட்ட கருவியைக் கொண்டு அவசர அவசரமாக முடித்துவிடுகின்றனர்.

பிணைப்பு என்பது எத்துணை முக்கியமானது என்பதை எமது மாவட்டம் பெரும் விலை கொடுத்து அறிந்தது. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளியிலே எத்தனையோ வீடுகளின் சுவர்கள் நின்றன, கூரைகள் நிற்கவில்லை. சுவருக்கும் வளைக்கும் இடையே இரும்பால் ஒரு பிடிப்பு இல்லாமையே பல இடங்களிற் காரணமாயிற்று. அதன் பின்னர் எழுந்த வீடுகளிலே கூரையைச் சுவரோடு கம்பியிட்டுக் கட்ட வேண்டுமென்று மேசன்மார் தாமாகவே சொல்லத் தொடங்கினர். கராஜ் தரையைப் பற்றி அவ்வாறு சொல்வார் இன்னும் அதிகம் இல்லை.

அண்மையிலே என் பழைய மாணவர் ஒருவர் என்னிடம் வந்தார். “சேர், கொங்கிறீற் தரையைத் துளைக்க எந்த மெசின் வாங்கினால் நல்லது?” என்று கேட்டார். எதைப் பூட்டப் போகின்றீர் என்று வினவினேன். வைஸ் பூட்டிய ஓர் இரும்பு மேசை, ஒரு காற்றமுக்கி, இவற்றோடு படகு யந்திரங்களைத் தூக்கித் தொங்கவிட்டுத் திருத்துவதற்கு ஒரு தூணும் கையும் கொண்ட சிறிய பாரந்தூக்கி என்று சொன்னார். இம்மூன்றையும் அவர் ஒரே வேலையாகக் கருதியிருந்தார். உண்மையில் இவை மூன்றும் மூன்று வேலைகள். எந்தக் கருவி என்ற கேள்விக்கு விடை காண்பதற்கு முன்னர் எந்தப் பாரம், எந்தத் தரை, எந்த ஆணி என்ற கேள்விகளுக்கு விடை காண வேண்டும். கடைக்குச் செல்வோர் பெரும்பாலும் தலைகீழாகவே நடக்கின்றனர். முதலிலே யந்திரத்தை வாங்கி, பின்னர் அதற்கேற்ற அலகைத் தேடி, அந்த அலகு இட்ட துளைக்குப் பொருந்தும் ஆணியை இறக்கி, இறுதியிலே பாரத்தை ஏற்றுகின்றனர்.

பாரந்தூக்கியை எடுத்துக்கொள்வோம். நாற்பது குதிரை வலுவுள்ள படகு யந்திரமொன்று எழுபது, எண்பது கிலோ நிறை உடையது. எழுபத்தைந்து என்று வைத்துக்கொள்வோம். தூணிலிருந்து கை ஒன்றரை மீற்றர் நீண்டிருக்கின்றது. தூணின் அடித்தகடு முப்பது சென்ரிமீற்றரில் ஊன்றி நிற்கின்றது. பாரம் முன்னே சாய்க்கும்போது பின்புறத்து ஆணிகள் இரண்டும் மேல்நோக்கி இழுக்கப்படுகின்றன. எழுபத்தைந்தை ஒன்றரையாற் பெருக்கி, அதனை மீற்றரிற் பத்தில் மூன்று பங்கால் வகுத்தால் 375 கிலோ வருகின்றது. இரண்டு ஆணிகளுக்கும் பங்கிட்டால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 190 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும். தொங்குவது எழுபத்தைந்து, தரையைப் பிடுங்குவது அதன் இரண்டரை மடங்கு. சங்கிலியைச் சற்றே வெட்டி இழுத்தால் இது இன்னும் கூடும். அந்தக் கையின் கீழே ஒரு மனிதன் குனிந்து வேலை செய்கின்றான் என்பதையும் இந்தக் கணக்கோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த இழுவையைக் கொங்கிறீற் எவ்வாறு தாங்குகின்றது? கொங்கிறீற் அமுக்கத்தை மிக நன்றாகத் தாங்கும். இழுவையை அதன் பத்திலொரு பங்களவே தாங்கும். ஆணியை மேலே இழுக்கும்போது ஆணி அறுவது அருமை. ஆணியின் அடியிலிருந்து மேல்நோக்கி விரிந்த கூம்பு வடிவிலே கொங்கிறீற்றே பெயர்ந்து வருகின்றது. ஆகவே பிடிமானத்தைத் தருவது ஆணியின் பருமனைக் காட்டிலும் ஆழமே. ஆழத்தை இரட்டித்தால் அந்தக் கூம்பின் பிடி இரட்டிப்பதோடு நில்லாது ஏறக்குறைய 2.8 மடங்காகின்றது. எமது கராஜ்களின் தரையோ பெரும்பாலும் நாலங்குலம். இரண்டங்குலக் கலவையை மணலின் மேற் பரப்பிவிட்டு, மேலே மழமழவென்று சீமெந்து பூசி நாலங்குலமென்று சொல்லப்பட்ட தரைகளும் உள.

தரையை அறிவதற்குப் பெரிய உபகரணம் வேண்டியதில்லை. இரண்டு இறாத்தல் சுத்தியலாற் பல இடங்களிலே தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல கொங்கிறீற் கணீரென்று ஒலிக்கும், சுத்தியல் துள்ளி எழும். உள்ளே வெறுமையாகவோ உதிர்ந்தோ இருப்பின் மொத்தென்ற ஓசை எழும். அடுத்து, யந்திரம் நிற்கப் போகும் இடத்திற்கு அருகே மெல்லிய அலகால் ஒரு சோதனைத் துளை இட்டால், அலகு திடீரென்று கீழே அமிழும் இடமே தரையின் தடிப்பு. துளையிலிருந்து வரும் தூளைக் கவனியுங்கள். சாம்பல் நிறத்து நுண்ணிய மாவாக வந்தால் நன்று. மணல் மணலாக உதிர்ந்து வந்தால் சீமெந்து குறைவு என்று பொருள். கடற்கரை மணலைக் கழுவாது கலந்த தரைகளிலே உப்பும் சேர்ந்திருக்கும். உள்ளே கம்பி இருந்தால் அது துருவேறிப் பருத்துக் கொங்கிறீற்றைப் பிளந்துவிடும். புதிதாக ஊற்றிய தரையாயின் இருபத்தெட்டு நாட்கள் பொறுத்திருக்க வேண்டும். முதல்நாள் ஊற்றி மறுவாரம் துளைப்பவர் பச்சை மண்பானையில் உலை வைப்பவரை ஒத்தவர்.

இவற்றையெல்லாம் பார்த்த பின்னர் என் மாணவருக்கு நான் சொன்ன விடை அவருக்கு முதலில் வியப்பை அளித்தது. பாரந்தூக்கிக்கு வேண்டிய கருவி அலவாங்கும் மண்வெட்டியும் என்றேன். நாலங்குலத் தரையிலே எந்த விலையுயர்ந்த யந்திரத்தாலே துளையிட்டாலும் அந்தத் தூணுக்கு அது போதாது. தரையை மூன்றடிச் சதுரமாக வெட்டி எடுத்து, இரண்டடி ஆழத்துக்குத் தோண்டி, கம்பிக்கூடு வைத்து, ஆணிகளைப் பலகை அச்சிலே நேராக நிறுத்திக்கொண்டு கொங்கிறீற் ஊற்றிவிட வேண்டும். பதினெட்டுக் கன அடிக் கொங்கிறீற் ஏறக்குறைய 1,200 கிலோ நிறை உடையது. அத்தனை பெரிய கல்லை எழுபத்தைந்து கிலோ யந்திரம் சாய்த்துவிடாது. ஆணிகளும் அதனுள்ளே பிறவியிலேயே பதிந்துவிடுகின்றன. இன்னும் தரை போடாதவர்கள் எந்த யந்திரத்தை எங்கே நிறுத்துவதென்று முன்கூட்டியே தீர்மானித்தால், துளையிடும் வேலையிற் பாதி இல்லாமலே போகும்.

எஞ்சியவை மேசையும் காற்றமுக்கியும். இவற்றுக்கு நாலங்குலத் தரை போதும். இப்பொழுதுதான் துளைக்கும் கருவியைப் பற்றிய பேச்சு.

மரத்தைத் துளைக்கும்போது அலகு மரத்தைச் சீவி எடுக்கின்றது. இரும்பையும் அவ்வாறே சுருள் சுருளாகச் சீவுகின்றது. கல்லை அவ்வாறு சீவ முடியாது. கல் நொறுக்கப்பட வேண்டும். இதனை எமது முன்னோர் நன்கறிந்திருந்தனர். இத்தீவின் பழைய நகரங்களிலே பாறைகளின் மீது வரிசை வரிசையாக வெட்டப்பெற்ற ஆப்புக் குழிகளை இன்றும் காணலாம். கல்லுடைக்கும் தொழிலாளர் வெடிமருந்து நிரப்புவதற்குத் துளையிட்ட விதத்தைப் பார்த்தவர்களுக்கு இது இன்னும் தெளிவாக விளங்கும். ஒருவர் நீண்ட உருக்குக் கம்பியைப் பிடித்திருப்பார். மற்றவர் சம்மட்டியால் அடிப்பார். ஓர் அடி விழுந்ததும் பிடித்திருப்பவர் கம்பியைச் சற்றே திருப்புவார். மீண்டும் ஓர் அடி. இடையிடையே துளையிலிருந்து தூளை அள்ளி எறிவர். அடி, திருப்பு, அள்ளு. இன்று கடைகளில் மின்னி நிற்கும் அத்தனை யந்திரங்களும் இந்த மூன்று செயல்களையே செய்கின்றன. எது இம்மூன்றையும் செவ்வனே செய்கின்றதோ அதுவே நல்ல கருவி.

1895ஆம் ஆண்டிலே ஜேர்மனியின் ஸ்ருட்காட் நகரைச் சேர்ந்த பைன் நிறுவனத்தார் கையிலே பிடித்துத் துளைக்கும் மின்கருவியைச் செய்தபோது அது திருப்பும் வேலையை மட்டுமே செய்தது. மரத்துக்கும் இரும்புக்கும் அது போதுமாயிருந்தது. வெறுமனே சுழலும் இத்தகைய யந்திரத்தைக் கொண்டு கொங்கிறீற்றிலே முயல்பவர் அரைமணி நேரத்திலே அலகின் நுனியை நீலம் பாரிக்கச் செய்துவிட்டு, தரையிலே ஒரு மினுமினுப்பான குழியைக் கண்டு வியப்பார். 1932ஆம் ஆண்டிலே பொஷ் நிறுவனத்தார் சுழல்வதோடு அடிக்கவும் வல்ல மின்சுத்தியலை வெளியிட்டனர். அடியும் திருப்பமும் ஒன்று சேர்ந்தன.

இங்கே நம்மவர் மயங்கும் இடம் ஒன்று உண்டு. வாழைச்சேனைக்கோ மட்டக்களப்புக்கோ சென்று கடையிலே கேட்டால் இரு வேறு யந்திரங்களையும் ‘ஹமர்’ என்ற ஒரே பெயராலேயே காட்டுவர். ஒன்று, சாதாரண துளை யந்திரத்தினுள்ளே பல்லுள்ள இரு வட்டத் தகடுகள் ஒன்றின் மேலொன்று உராய்ந்து குலுங்குவது. அது நிமிடத்திற்கு நாற்பதாயிரம் தடவை வரை குலுங்கும். ஆனால் ஒவ்வொரு குலுக்கமும் விரல் நுனியால் தட்டுவது போன்றது. நாம் முழுப் பலத்தோடும் அமுக்கினாலன்றி வேலை நடவாது. செங்கற் சுவரிலே படம் மாட்டுவதற்கு அது போதும். மற்றையது, உள்ளே ஓர் உந்தி காற்றை அமுக்கி, அந்தக் காற்றின் விசையால் ஒரு சுத்தியலை எறிந்து அலகின் பிடரியிலே அடிப்பது. அது நிமிடத்திற்கு நாலாயிரம், ஐயாயிரம் அடிகளே அடிக்கும். ஆனால் ஒவ்வொன்றும் உண்மையான அடி. அமுக்க வேண்டியதில்லை, நேராகப் பிடித்திருந்தாற் போதும். முன்னையதாற் பத்து நிமிடம் போராடி இடும் துளையை இது ஒரு நிமிடத்துக்குள் இட்டுவிடும்.

இரண்டையும் பிரித்தறிவது எப்படி? மூக்கைப் பாருங்கள். மூன்று தாடைகளும் சாவி போட்டு இறுக்கும் பல்லும் இருந்தால் அது குலுங்கும் வகை. அலகைச் செருகி ஒரு திருப்புத் திருப்பியதும் தானே பூட்டிக்கொண்டு, முன்னும் பின்னும் சற்றே அசைய இடங்கொடுத்தால் அது அடிக்கும் வகை. அந்த அலகின் வாலிலே நீண்ட தவாளிப்புகள் இருக்கும். 1975ஆம் ஆண்டளவிலே வந்த இந்தப் பூட்டுமுறைக்கு எஸ்.டீ.எஸ். என்று பெயர். செருகு, திருப்பு, இருந்துவிடும் என்று பொருள்படும் மூன்று ஜேர்மன் சொற்களின் முதலெழுத்துக்கள் அவை. இதிலே சிறியதும் பெரியதுமாக இரு வகைகள் உண்டு. பத்து மில்லிமீற்றர் வாலுள்ள சிறியதே எமக்கு வேண்டியது. இரண்டு, மூன்று கிலோ நிறையும், இரண்டு முதல் மூன்று யூல் அடிவலுவும் உடைய சிறிய யந்திரம் ஆறு முதல் பதினாறு மில்லிமீற்றர் வரையான துளைகளை இலகுவாக இடும். பதினெட்டு மில்லிமீற்றர் வாலுள்ள பெரியது பாலம் கட்டுவோருக்கும் சுவர் இடிப்போருக்கும் உரியது. அதனை நாலங்குலத் தரையிலே பயன்படுத்தினால் துளையின் அடிப்புறம் சிப்பி சிப்பியாகப் பெயர்ந்து விழக்கூடும். பெரிய கருவி எப்போதும் நல்ல கருவி என்ற எண்ணம் எம்மவரிடையே ஆழமாக வேரூன்றியிருக்கின்றது.

அலகின் நுனியிலே பதித்திருக்கும் சிறு துண்டுதான் உண்மையிற் கல்லை நொறுக்குவது. அது தங்குதன் காபைட்டு. 1920களிலே ஜேர்மனியில் இது விற்பனைக்கு வந்தபோது ‘விடியா’ என்று பெயரிட்டனர். வைரத்தைப் போல என்பது அதன் பொருள். ஒரு துண்டு பதித்த அலகும், சிலுவை போல நான்கு வெட்டுவாய்கள் உள்ள அலகும் கடையிலே கிடைக்கும். நான்கு வாயுடையது விலை கூடியது; ஆயினும் துளை வட்டமாக அமையும், கருங்கற் சல்லியிலே பட்டாலும் வழுகி ஓடாது. நங்கூர ஆணிக்குத் துளை வட்டமாயிருப்பது அவசியம் என்பதால் யந்திரத்திலே சிறிது மிச்சம் பிடித்து அலகிலே செலவிடுவது நன்று. துளைக்கும்போது திடீரென்று அலகு முன்னேறாமல் நின்று இரும்பு ஒலி எழுந்தால் உள்ளே கம்பி இருக்கின்றது. அதனை அறுக்க முயலாது துளையைத் தள்ளி இடுவதே முறை.

துளையின் அளவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எமது பகுதியிலே மிக அதிகமாகப் பொருட்கள் வீணாவது இங்கேதான். நாம் ‘றோல் போல்ற்’ என்று கேட்டு வாங்கும் ஆணியிலே நடுவே ஒரு திருகாணியும் அதனைச் சுற்றி விரியும் இரும்பு உறையும் உண்டு. பெட்டியிலே பத்து மில்லிமீற்றர் என்று எழுதியிருப்பது திருகாணியின் அளவு. உறையையும் சேர்த்து அதற்கு வேண்டிய துளை பதினாறு மில்லிமீற்றர். பன்னிரண்டு மில்லிமீற்றர்த் திருகாணிக்கு இருபது மில்லிமீற்றர்த் துளை வேண்டும். ஆப்பாணி என்று சொல்லத்தக்க வேறொரு வகை உண்டு. அதன் அடிப்புறத்திலே மெல்லிய வளையம் ஒன்று ஆப்பாக விரியும். அதற்குப் பத்து என்றாற் பத்து மில்லிமீற்றரே துளை. ஒன்றுக்கு இட்ட துளையிலே மற்றையதை இறக்க முடியாது, இறக்கினாலும் நில்லாது. அலகை வாங்குவதற்கு முன் ஆணியை வாங்குங்கள் என்று நான் சொல்வது இதனாலேயே.

இந்த விரியும் ஆணிகளின் வரலாறு சுவையானது. 1911ஆம் ஆண்டளவிலே லண்டனில் ஜோன் ஜோசப் றோலிங்ஸ் என்ற ஒப்பந்தக்காரர், பிரித்தானிய நூதனசாலையின் சுவர்களைப் பெரிதாகச் சேதப்படுத்தாமல் மின்சாரப் பொருட்களைப் பொருத்த வேண்டிய தேவை ஏற்பட்டபோது, சணல் நாரை மிருக இரத்தத்தால் ஒட்டிச் சிறு குழாய்களாகச் செய்து, துளையினுள் வைத்து, அதனுள்ளே திருகாணியைச் செலுத்தினார். திருகாணி புகப்புக நார் விரிந்து சுவரை இறுகப் பற்றிக்கொண்டது. எமது கடைக்காரரின் வாயிலே இன்றும் வாழும் ‘றோல்’ என்ற சொல் அவருடைய பெயரின் பாதி. 1958ஆம் ஆண்டிலே ஜேர்மனியரான ஆர்ட்டூர் பிஷர் நைலோனால் அத்தகைய அடைப்பானைச் செய்தார். சுவருக்கு நைலோன் நன்று. யந்திரம் பூட்டும் தரைக்கு இரும்பே வேண்டும்.

துளைகளைத் தரையின் விளிம்புக்கு அருகே இடலாகாது. ஆணியின் விட்டத்தைப் போல ஐந்து மடங்காவது விளிம்பிலிருந்து தள்ளியும், ஓர் ஆணிக்கும் மற்றோர் ஆணிக்கும் இடையே பத்து மடங்கு இடைவெளி விட்டும் இட வேண்டும். உற்பத்தியாளர் இதற்கு மேலே கேட்டால் அவர் சொல்வதே சரி. ஆழமோ, ஆணி இறங்கும் அளவுக்கு மேல் அரை அங்குலம் கூடுதலாக இருக்க வேண்டும். அலகிலே நிறநாடாவைச் சுற்றி அடையாளம் வைத்துக்கொண்டால் அளவு தவறாது.

இனித் தூள். இதனை அலட்சியம் செய்பவரே பெரும்பாலோர். துளையிலே தூள் தங்கியிருந்தால் ஆணி கல்லைப் பற்றாமல் மாவைப் பற்றுகின்றது. பசை ஊற்றிப் பதிக்கும் இரசாயன ஆணியாயின் கேடு இன்னும் பெரிது. பசை தூளோடு ஒட்டிக்கொண்டு தூளோடு கழன்று வரும். சைக்கிள் பம்பியின் குழாயைத் துளையின் அடிவரை விட்டு ஊதி, வட்டத் தூரிகையால் தேய்த்து, மீண்டும் ஊத வேண்டும். வாயால் ஊதுபவரின் கண்ணிலே அந்தத் தூள் விழுகின்றது. அதிலே சிலிக்கா இருக்கின்றது. ஆண்டுக்கணக்கிலே சுவாசித்தவரின் நுரையீரல் இறுகிப்போகும். அந்நோய்க்கு மருந்து இல்லை. ஆகவே மூக்கை மூடும் நல்ல முகமூடியும் கண்ணாடியும் அலகின் விலையோடு சேர்த்துக் கணக்கிடப்பட வேண்டியவை. மாரி காலத்திலே களப்பு நிரம்பும்போது எமது தரைகளில் ஈரம் ஊறும். ஈரத்தரையிலே வெறுங்காலோடு நின்று மின்கருவியைப் பிடிக்கலாகாது. ‘ட்றிப் சுவிச்’ இல்லாத இடத்திலிருந்து மின்சாரம் எடுக்கவும் கூடாது.

மின்சாரம் இல்லாத இடத்தில் என்ன செய்வது? நட்சத்திர உளி என்று ஒன்று உண்டு. நுனி நான்கு மூலையாகக் கூர்ந்திருக்கும் உருக்குக் கம்பி அது. அடித்து, எட்டிலொரு பங்கு திருப்பி, மீண்டும் அடித்து, இடையிடையே தூளை ஊதி, பொறுமையோடு செய்தால் நான்கு துளைகளை ஒரு பகலுக்குள் இட்டுவிடலாம். குலுங்கும் யந்திரத்தால் அரைகுறையாக அகட்டிய துளையைக் காட்டிலும் இந்த உளி இட்ட துளை உறுதியானது என்பது என் எண்ணம். இதைச் சொல்லும்போது என் மாணவர் சிரித்தார். அவர்களின் காலம் அப்படி.

எமது பகுதியின் மேசன்மாரும் தச்சரும் தம் கருவிகளை ஆயுதம் என்றே சொல்வர். அந்தச் சொல் வாகரைப் பக்கத்திலே பல்லாண்டு காலம் வேறொரு பொருளிலே மட்டும் வழங்கிற்று. இன்று ஓர் இளைஞன் ஆயுதம் வாங்கப் போகின்றேன் என்று சொல்லும்போது, அது துளை யந்திரம் என்று அறிந்து அவனுடைய தாய் கவலையின்றி இருக்கின்றாள். அந்த ஆயுதத்தை ஒவ்வொருவரும் தனித்தனியே வாங்க வேண்டுமா என்பது எனது ஐயம். எட்டுத் துளைகளுக்காக ஒரு யந்திரம் வாங்கும் இளைஞன், கையிலே காசு குறைவென்பதால் மலிவான குலுங்கும் வகையையே வாங்குகின்றான். அவ்வாறு வாங்கிய ஐந்தாறு யந்திரங்கள் ஒரே வீதியிலே உறங்குகின்றன. மீனவர் கூட்டுறவுச் சங்கமோ கிராம அபிவிருத்திச் சங்கமோ நல்ல யந்திரம் ஒன்றையும், பத்து, பன்னிரண்டு, பதினாறு மில்லிமீற்றர் அலகுகளையும், முகமூடியையும் வாங்கி வைத்து நாள் வாடகைக்குக் கொடுத்தால், எவருக்கும் கடன் ஏறாது. துளையும் ஒழுங்காக அமையும். கோயிலிலே பெரிய கிடாரங்களை வைத்திருந்து கலியாண வீடுகளுக்குக் கொடுக்கின்றோம் அல்லவா? அதே முறைதான்.

கடற்கரையாருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். எமது ஊரின் பெயரிலே பனிச்சை மரம் இருக்கின்றது. பனிச்சங்காயின் துவர்ச் சாற்றிலே வலையைத் தோய்த்து உப்பு நீரிலிருந்து காத்தவர்கள் எமது மூத்தோர். நைலோன் வலை வந்ததும் அந்த வழக்கம் மறைந்தது, உப்பு மறையவில்லை. கடையிலே பளபளவென்று மின்னும் ஆணிகளிலே நாகப்பூச்சு மிக மெல்லியது. எமது காற்றிலே அது நெடுநாள் நில்லாது. உருகிய நாகத்திலே தோய்த்தெடுத்த, சற்று மங்கிய நிறமுடைய ஆணி அதனைவிடப் பன்மடங்கு தடித்த காப்பை உடையது. நீர் தெறிக்கும் இடமாயின் 316 என்று குறியிட்ட கறையில் உருக்கு ஆணியே தக்கது. விலை அதிகந்தான். எனினும் நான்கு ஆணிகளுக்கு மேலே செல்லும் செலவு, துருவேறி முறிந்த ஆணியைத் தரையிலிருந்து பெயர்க்கும் செலவை விடக் குறைவு.

காற்றமுக்கி போல அதிரும் யந்திரங்களைத் தரையோடு நேரே இறுக்காது கீழே தடித்த றப்பர்த் தகடு வைத்துப் பூட்ட வேண்டும். அதிர்வு விரியும் ஆணிகளை நாளடைவிலே தளர்த்தும். அத்தகைய இடத்திற்கு இரசாயன ஆணி சிறந்தது. எந்த ஆணியாயினும் பூட்டிய மறுநாட் காலையில் ஒருமுறையும், ஒரு வாரத்தின் பின் ஒருமுறையும் சாவியை நட்டிலே வைத்துப் பார்க்க வேண்டும். சிறிதளவு தளர்ந்திருப்பது இயல்பு. இறுக்க இறுக்க நட்டு சுழன்றுகொண்டே போகுமாயின் உள்ளே பிடி விட்டுவிட்டது என்று கொள்க. அந்த ஆணியை நம்பாது வெளியே எடுத்துவிட்டு, உரிய இடைவெளி விட்டுப் புதிய துளையை இட வேண்டும். பழைய துளையைச் சுருங்காத சீமெந்துக் கலவையால் அடைத்துவிடலாம்.